மட்டமான பிரேக் பேடு

“இதைவிட மட்டமானது இல்லையாண்ணே?”

உதிரிபாகக் கடைக்காரர் தலை நிமிர்ந்தார். விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டியவர்களை அவர் பார்த்திருக்கிறார், கடன் சொல்லிவிட்டு இந்தப் பக்கமே தலைகாட்டாதவர்களையும் பார்த்திருக்கிறார். மட்டமானதைக் கேட்டு வந்த முதல் ஆள் இந்தப் பெண்தான்.

அவள் துணிப்பையிலிருந்து பிரேக் பேடுகளை எடுத்து ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தாள். போன வாரம் அவரே பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்த நயமான சரக்கு. ஓரத்தில் லேசாகக் கறுத்திருந்ததே தவிர, முதுகில் அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை.

“என்னம்மா இது, புதுசைக் கழட்டிட்டா வந்தீங்க? வண்டி நிக்கலையா?”

“நிக்குதுண்ணே.”

“பூனையாட்டம் வந்து நிக்கும்னு சொன்னேனே, நிக்குதா இல்லையா?”

“பூனையாட்டம்தான் வந்து நிக்குது.” அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் துளி சந்தோஷம் இல்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

ஆயில் ஃபில்டருக்காகப் பெஞ்சில் காத்திருந்த டாக்சி டிரைவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “எதிர்ப் பட்டறையில சக்கரத்தைக் கழட்டிப்போட்டு நிக்குதே, அந்த வெள்ளை வண்டியா? ஏம்மா, பட்டுச் சேலைக்குச் சாக்குத் துணியில ஒட்டுப் போடுவாங்களா?”

அவள் சிரிக்கவில்லை. “இருந்தா காட்டுங்கண்ணே. பட்டறைக்காரர் அவசரப்படுத்துறாரு” என்றாள்.

கடைக்காரர் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை இழுத்தார். எந்தக் காலத்திலோ ஒரு விற்பனையாள் அவர் தலையில் கட்டிவிட்டுப் போன போலிச் சரக்கு. விற்கவும் மனம் வரவில்லை, தூக்கி எறியவும் மறந்துபோயிற்று. வேண்டாமென்று அவளே ஓடட்டும் என்றுதான் அதைத் திறந்து இரண்டு ரகத்தை எடுத்துக் காட்டினார்.

“நல்லாப் பாருங்க. இது மாவு. நாலு தடவை அழுத்தினா உதிர்ந்து போயிடும். இது கல்லு. சூடேறிட்டா சரியாப் பிடிக்காது, தொட்டதுக்கெல்லாம் கூப்பாடு போடும். ரெண்டுமே குப்பைம்மா.”

அவள் யோசிக்கவே இல்லை. கல்லின் மேல் கையை வைத்தாள். “இதைக் குடுங்க.”

கடைக்காரருக்கு என்னவோ போலிருந்தது. “வண்டியை ஓட்டுறது நீங்களா?”

“எனக்கு ஓட்டத் தெரியாதுண்ணே. எங்க வீட்டுக்காரர்தான்.”

“அவருக்கு இது தெரியுமா?”

“வெளியூர் போயிருக்காரு. வர்றதுக்குள்ள மாட்டிரணும். புதுசுதான் இருக்குன்னு நெனச்சுக்குவாரு.”

பெஞ்சில் இருந்தவரின் சிரிப்பு பாதியில் நின்றது. கடைக்காரர் டப்பாவை மெல்லத் தன் பக்கம் இழுத்து மூடினார். இதே கையால் எடுத்துக் கொடுத்து, நாளைக்கு எங்காவது ஒரு வளைவில் வண்டி நிற்காமல் போய், போலீஸ் இந்த வாசலில் வந்து நின்றால்?

“அம்மா, எனக்கு மூடி மறைச்சுப் பேசத் தெரியாது. உங்களுக்குள்ள என்ன சண்டையோ, அது எனக்கு வேண்டாம். ஆனா பிரேக் பிடிக்கலைன்னா ஓட்டுறவர் மட்டும் போகமாட்டாரு. ரோட்டுல நடந்து போறவனும் சேர்ந்து போவான்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ, அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுண்ணே. யாருக்குமே ஆகக்கூடாது. அவர் மெதுவாத்தான் ஓட்டுவாரு. வெளியில எல்லாத்துலயும் அவ்வளவு நிதானம். கேட்டுப் பாருங்க, எங்க தெருவுல அவரைத் தங்கமான மனுசன்னுதான் சொல்லுவாங்க.”

“அப்புறம் எதுக்கும்மா தங்கமான மனுசனுக்கு இந்தக் கருமம்? போன வாரம் மாட்டினது கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்கு. அதையே மாட்டச் சொல்லுங்க. நான் இதை விக்கமாட்டேன்.”

“விக்கமாட்டேன்னு மட்டும் சொல்லாதீங்கண்ணே.” அவள் குரல் உடைந்தது. கண் ஒரு நொடி பெஞ்சுப் பக்கம் போய் வந்தது. டாக்சி டிரைவர் என்ன புரிந்துகொண்டாரோ, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மூடிய டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

“சொல்லும்மா. பழைய பேடுல இருந்த எது இந்தப் புதுசுல இல்லை?”

அவள் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

“தெருமுனையிலயே பிரேக் கத்தினாத்தான்ணே, அவர் உள்ள வர்றதுக்குள்ள பிள்ளைங்களை ஒளிச்சு வைக்க முடியும்.”