சிவப்பா, வெள்ளையா?

பழைய கார்களை விற்கும் அந்தக் கடையில், இரண்டு வண்டிகளுக்கு நடுவே அவள் வெகுநேரம் நின்றாள். ஒன்று, ஐம்பது வயதான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மற்றது, போன வருடத்து வெள்ளை கூபே, இரண்டே கதவுள்ள கார்.

"எதை எடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க சார்."

கடைக்காரருக்கு அது போதும்.

"கூபேல கேமரா, சென்சார், எல்லாம் இருக்கு மேடம். வேகமும் ஜாஸ்தி. ஆனா இறங்கினதும் மறந்துடும். சிவப்பு அப்படியில்ல. கியர் போட்டா பழைய சிநேகிதன் கையைப் பிடிச்ச மாதிரி இருக்கும். துருப்பிடிச்சுக் கிடந்ததை நானே மூணு வருஷமா இழைச்சேன். என் பொண்டாட்டி இதைச் சக்களத்தின்னுதான் சொல்லுவா."

"பார்த்ததும் மனசுல ஒட்டிக்குமா?"

"நேத்து ஒருத்தர் சும்மா தொட்டுப் பார்த்துட்டே கண் கலங்கிட்டார்."

"அப்போ இதுவே இருக்கட்டும்."

கடைக்காரர் முகம் மலர்ந்து சிவப்புக் காரின் சாவியை நீட்டினார். "மழையில மட்டும் நனைய விடாதீங்க மேடம்."

"ஒரு நாள்தானே, பார்த்துக்கறோம்."

"ஒரு நாளா?"

"நான் சினிமால ஆர்ட் டைரக்டர் சார். கிளைமாக்ஸ்ல ஹீரோவோட கார் மலையிலேர்ந்து உருண்டு நொறுங்கணும். கூபே விழுந்தா யார் அழப்போறாங்க? இது விழுந்தா தியேட்டரே அழும்."

கடைக்காரர் நீட்டிய சாவியை மெல்லத் தன் சட்டைப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். பிறகு கூபேயின் பக்கம் போய், அதன் பானெட்டைப் பரிவோடு தடவினார்.

"மேடம், இந்த வண்டியோட கதையைக் கேட்டா நீங்களே அழுதுடுவீங்க. உட்காருங்க, சொல்றேன்."