கட்டங்களாக வந்த பெயர்கள்

மாநகராட்சியின் பழைய பதிவேடுகள் புதிய கணினிக்கு மாறிய மறுநாள் காலை, அலுவலகத்தில் ஸ்டெல்லா பட்டியலைத் திறந்தாள். மூன்றாம் வார்டில் பிறந்தவர்களின் பெயர்கள் முழுவதும் வெறும் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகக் கிடந்தன. அவை பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை.

மேலதிகாரி கோமதிநாயகத்திடம் ஓடினாள்.

"சார், கோப்புல எழுத்துங்க எந்தக் குறியாக்கத்துல, எந்த முறையில பதிஞ்சிருக்குன்னு பார்க்காமலே புரோகிராம் படிச்சிருக்கு. நாலாயிரம் பேரு சார்!"

"படிக்க முடியாத பேரை அது ஆளாவே எடுத்துக்காதும்மா. எல்லாத்தையும் ராத்திரியே நீக்கிடுச்சு. வேணும்னா நேர்ல வந்து மனு குடுக்கட்டும்."

"பதிவேட்டுல பேரு இல்லாட்டி வீட்டுக் கதவு, குழாய் எதுவுமே அவங்களுக்குத் திறக்காதே சார், எப்படி வருவாங்க?"

அவள் கணவன் சவரிமுத்து பிறந்தது மூன்றாம் வார்டில்தான். போன் செய்தாள். "அப்படி ஒருவர் இல்லை" என்றது போன்.

வீட்டுக்கு ஓடி வந்தபோது அவன் உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஸ்டெல்லா! குழாய்ல தண்ணிகூட வரல. திறயேன்!"

அவள் கதவில் கை வைத்தாள். கதவு கனிவாகப் பேசியது.

"வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஒருவர் நுழைந்திருக்கிறார். விலகி நில்லுங்கள். காவலர்களை அழைத்துவிட்டோம்."

"ஐயோ, அவர் என் வீட்டுக்காரர்!" என்று கதவை அறைந்தாள். அதற்குள் தெருமுனையில் சைரன் கேட்டது. துப்பாக்கியோடு நாலு பேர் குதித்திறங்கினார்கள்.

உள்ளே சவரிமுத்து பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா, கதவைத் திறக்க ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துட்டியா?"