ஒரு மில்லிமீட்டர்

"இது தேய்மானம் இல்லீங்க ஐயா. யாரோ வேணும்னே ராவியிருக்காங்க."

புகழேந்தி அந்த ஊசியை வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினான். பிஸ்டலின் டிரிகரை இழுத்தால் பாய்ந்துபோய்த் தோட்டாவின் அடியில் குத்துகிற ஊசி. நுனியில் ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. அரம் பட்ட தடம் தெரியாதபடி பாலிஷ் வேறு போட்டிருந்தார்கள்.

அப்பாதுரை குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அதான் வெடிக்கல" என்றார்.

செங்கம் ரோட்டில் ரைஸ் மில் நடத்தியவர். பொங்கலுக்கு முன்னால் மனைவி ஜோதியம்மாள் இறந்ததும் மில்லைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். ஒரே பையன் பெங்களூரில்.

"யார்கிட்டயாவது குடுத்து வெச்சீங்களா?"

"எலெக்‌ஷனுக்குப் போலீஸ்ல ஒப்படைச்சதுதான். போன வாரம் திருப்பிக் குடுத்தாங்க."

தேர்தல் வந்தால் ஊரில் உள்ள லைசென்ஸ் துப்பாக்கி எல்லாம் போலீசிடம் போய்விடும். வேங்கிக்கால் பக்கம் கிடங்கில் பூட்டி வைப்பார்கள். அங்கே துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிற போலீஸ்காரன் தருமன். பள்ளிக்கூட ஹாஸ்டலில் புகழேந்தியின் பக்கத்துப் பாய்.

அவன் கை படாமல் இது நடந்திருக்காது என்று புகழேந்திக்குத் தோன்றியது.

புகழேந்தி வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன். மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருஷம் அலைந்த பிறகு இந்தத் துப்பாக்கிக் கடையில் வேலை கிடைத்தது. படித்ததைக் கேட்க ஊரில் ஒருவரும் இல்லை. யாராவது காது கொடுத்தால் விடமாட்டான்.

"நல்ல மாடலுங்க இது. பழசெல்லாம் கைதவறிக் கீழ விழுந்தாலே வெடிச்சிடும். இதுல டிரிகரை முழுசா இழுத்தாத்தான் ஊசி நகரும். அதுவரைக்கும் குறுக்க ஒரு கட்டை தடுத்துக்கும். அதுக்கு மேல இந்த லாக் வேற. செஞ்சவன் எல்லாத்தையும் யோசிச்சிருக்கான்."

"எல்லாத்தையுமா?"

"ஆமாங்க. தவறி வெடிக்கவே வெடிக்காது."

அப்பாதுரை தலையாட்டினார். "சரி. புது ஊசி எப்பப் போடுவ?"

"கைவசம் இருக்குதுங்க. ஆனா முதலாளி வந்து ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்டாத்தான் குடுக்க முடியும். நாலு மணி ஆகும்."

"இங்கயே உக்காந்துக்கறேன். வீட்டுக்குப் போயி என்ன பண்ணப் போறேன்."

வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

புகழேந்தி உள்ளே போய்ப் புது ஊசியைப் பொருத்தினான். குழலுக்குள் ஒரு பென்சிலை விட்டு டிரிகரை இழுத்தான். பென்சில் துள்ளி வெளியே வந்து விழுந்தது. திருப்தியாக இருந்தது. பிஸ்டலை இரும்பு பீரோவில் பூட்டிவிட்டு, தருமன் மேல் கலெக்டருக்கு ஒரு புகார் மனு எழுதினான். மூன்று முறை அடித்துத் திருத்தினான். மத்தியானம் கடையை அடைத்ததும் பழைய ஊசியையும் மனுவையும் எடுத்துக்கொண்டு வேங்கிக்காலுக்கு வண்டியை விட்டான்.

"வாடா இன்ஜினியரு" என்றான் தருமன். "வழி தெரிஞ்சுதா?"

புகழேந்தி ஊசியை மேஜையில் வைத்தான். "இது யாரு வேலை?"

தருமன் அதைத் தொடவில்லை. "என் வேலைதான்."

"வெக்கமா இல்லையா உனக்கு? அடுத்தவங்க பொருள்டா அது. தனியா இருக்கிற மனுஷன். திருடன் வந்தா எதை வெச்சிக் காப்பாத்திப்பாரு? நான் கலெக்டருக்கு எழுதிட்டேன்."

"குடு, பாக்கறேன்." தருமன் நிதானமாகப் படித்தான். "கான்ஸ்டபிள் நம்பர் போடலியே. நம்பர் இல்லன்னா வேற எவனையாவது பிடிச்சிப் போடுவாங்க."

"விளையாடாத. ஏன் பண்ணின?"

தருமன் மனுவை மடித்தான்.

"ஒப்படைச்சவங்க யாரும் எலெக்‌ஷன் முடியற வரைக்கும் இந்தப் பக்கம் வரல. இவரு மட்டும் பதினஞ்சு நாளு, தினமும் வந்தாரு. எப்பத் திருப்பித் தருவீங்கன்னு. என்ன பெரியவரே இவ்ளோ அவசரம்னு ஒருநாள் கேட்டேன். 'அவ ரொம்ப நாளா அங்க தனியா இருக்கா தம்பி'ன்னாரு."

புகழேந்தி மேஜையில் இருந்த ஊசியைப் பார்த்தான்.

"அதிகாரிகிட்ட சொன்னேன். லைசென்ஸ் சரியா இருந்தா திருப்பிக் குடுத்துதான் ஆகணும்னாரு. பையனுக்கு மூணு தடவை போன் போட்டேன். மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுங்கன்றான். எனக்கு வேற என்ன தெரியும்? அரம் பிடிக்கத் தெரியும்."

தருமன் மனுவைத் திருப்பி நீட்டினான்.

"வெடிக்கலன்னு சொல்லித்தான உன்கிட்ட கொண்டாந்தாரு?" என்றான் தருமன்.

"ஆமா."

"எதைச் சுட்டுப் பாத்தாருன்னு கேட்டியா?"

புகழேந்தி திரும்பி வரும்போது நாலு மணி ஆகியிருந்தது. அப்பாதுரை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார். உள்ளே முதலாளி ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சா தம்பி?"

செய்து முடித்த வேலையைச் செய்யவில்லை என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

"ஊசி சேரலைங்க ஐயா. வெளியூர்லேர்ந்து வரவழைக்கணும், எத்தனை நாளாகும்னு தெரியல" என்றான். "நீங்க தினமும் ஒரு நடை வந்து, என்கிட்ட கேட்டுட்டுப் போங்க."