ஜாடிக்கு இரும்பு

எங்கள் சமையலறை ஜாடியில் வைட்டமின் தயாரிக்கும் பாக்டீரியா வளர்கிறது. அதன் நொதிக்கு இரும்புச்சத்து குறைந்தால், மூடியில் செருகிய அளவுக் குச்சி அலறும். உடனே என் கணவர் குமரகுரு ஈரல் சூப்போடு பறந்து வருவார். முருங்கைக்கீரைச் சாறும் முதலில் ஜாடிக்குத்தான். மிச்சம் அவருக்கு, சட்டி வழித்தது எனக்கு.

நேற்று அடுப்படியில் மயங்கி விழுந்தேன்.

"காலைல சாப்பிட்டிருக்க மாட்டே," என்றார், போனிலிருந்து தலை நிமிராமல்.

இன்று விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அந்தக் குச்சியில் வைத்தேன். இதுவரை கேட்டிராத அலறல்.

என் மகராசன் சூப்புக் கிண்ணத்தோடு ஓடிவந்தார். "அய்யய்யோ, ஜாடிக்கு என்னாச்சு?"

"ஜாடி நல்லாத்தான் இருக்கு. ரத்தம் என்னோடது," என்று கிண்ணத்தைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தேன்.

காலிக் கிண்ணத்தை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இப்ப ஜாடிக்கு என்னத்த ஊத்துறது?"