மூன்றாம் பெட்டி

கொரோனா ஊரடங்கு நேரத்திலும் றாசிக் மாஸ்டர் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே கராத்தே பழக்கினார். என் கணவர் நுஸ்கிதான் அவருக்கு உதவி. நுஸ்கி காய்ச்சலோடு போய் நின்ற அன்றும், "சும்மா சூடுதான், கிளாஸ எடு" என்றாராம் மாஸ்டர். பன்னிரண்டாம் நாள் நுஸ்கி மௌத்தானார். ஜனாஸாவைக் குளிப்பாட்டவில்லை, அடக்கவில்லை. கொரோனா என்று சொல்லி எரித்தார்கள். விசாரிக்க வந்தவர்களிடம், "அவர் இஞ்ச வரவேயில்ல" என்று மாஸ்டர் சொன்னார்.

கணவரை இழந்து நான் வீட்டுக்குள் இருந்த நாலு மாத இத்தா முடிந்த பிறகு, எங்கள் ஊர் கற்பிட்டியில் வகுப்புகளைத் திறக்க அனுமதி வந்தது. வாசலில் நின்று காய்ச்சல் பார்க்கும் வேலையை நானே கேட்டேன். மாட்டேன் என்று சொல்ல மாஸ்டருக்கு வாய் வரவில்லை.

தரையில் இடைவெளி விட்டு, ஆளுக்கொன்றாக ஆறு பெட்டிகள் கீறியிருந்தார்கள். மூன்றாவது பெட்டி, நுஸ்கி எப்போதும் நிற்கும் இடத்தில் விழுந்திருந்தது. அதில் யாரும் நிற்பதில்லை. ஒருநாள் காய்ச்சல் பார்க்கும் கருவியை வெறும் தரைக்குப் பிடித்தேன். மற்றப் பெட்டிகள் முப்பது பாகை காட்டின. மூன்றாவது நாற்பத்தொன்று. அதற்குப் பிறகு தினமும் நாற்பத்தொன்றுதான். நான் யாருக்கும் சொல்லவில்லை.

நேற்றுப் புதிதாக ஒருவர் சேர்ந்தார். வேறு இடம் இல்லாததால் மாஸ்டர் தன் பெட்டியை அவருக்குக் கொடுத்தார்.

"நீங்க மூண்டாவதில நில்லுங்க, மாஸ்டர்" என்றேன்.

ஒரு மணித்தியாலம் அதில் நின்று பழக்கினார்.

முடிந்ததும் அந்தத் தரையைப் பார்த்தேன். முப்பது. மாஸ்டர் வாசலுக்கு வந்து நெற்றியை நீட்டினார்.

"தலை இடிக்குது, தங்கச்சி. எவ்வளவு காட்டுது?"

நாற்பத்தொன்று.

"சும்மா சூடுதான், மாஸ்டர்" என்றேன். "அடுத்த கிளாஸ எடுங்க."