எல் சைஸ் சட்டை

"பலூனே போதும் டாக்டர். வெட்டறது, தைக்கறதெல்லாம் வேணாம்."

இருபது வருஷமாக வெட்டியும் தைத்துமே பிழைக்கிற டெய்லர்தான் இதைச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வயிறு என்னுது. நான் பேசிக்கறேன்" என்றாள்.

பஸ் டிப்போவில் அவளை டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக ஸ்டீயரிங் பிடிக்கிறாள். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. போன மாதம் சிக்னலில் நின்ற பஸ், பச்சை விழுந்தும் நகரவில்லை. நாற்பது பயணிகளை வைத்துக்கொண்டு டிரைவரம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதுவரை கண்ணையும் காதையும் மட்டும் சோதித்துக் கையெழுத்துப் போட்ட ஆபீஸ், முதல் தடவையாக அவளை எடை மெஷினில் ஏற்றியது. நூற்றுப் பதினெட்டு கிலோ! தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்து வருவதால்தான் பகலில் கண் சொருகுகிறது என்றார்கள். ஒரு வருஷத்துக்குள் உடம்பை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் டைம் ஆபீஸில் ரிஜிஸ்டரும் கையுமாக உட்கார வேண்டியதுதான்.

ரிஜிஸ்டர் எழுதவா அவ்வளவு பாடுபட்டு ஹெவி லைசென்ஸ் எடுத்தாள்?

டாக்டர் படம் போட்டு விளக்கினார்.

"பலூன்ல கத்தியே கிடையாது. வாய் வழியா உள்ளே விட்டு வயித்துல ஊதிடுவோம். ஆறு மாசத்துல எடுத்துடணும். எடுத்த பிறகு நிறைய பேருக்கு எடை திரும்பிடுது."

"டெம்பரரி பர்மிட் மாதிரி. வேணாம்."

"ரெண்டாவது, இரைப்பையில முக்கால்வாசியை எடுத்துட்டு வாழைப்பழம் அளவுக்கு மிச்சம் வைக்கறது. வெட்டினா வெட்டினதுதான். சிலருக்கு நெஞ்செரிச்சல் அதிகமாகும்."

"எனக்கு இப்பவே எரியுது."

"அப்போ மூணாவது, பைபாஸ். இரைப்பையை முட்டை அளவுக்குத் தடுத்து, குடலை அதோட நேரா இணைச்சுடுவோம். எடை நல்லா இறங்கும். ஆனா பெரிய வேலை. ஆயுசுக்கும் விட்டமின் மாத்திரை உண்டு. இனிப்பு கூடிப்போனா தலை சுத்தும், படபடன்னு வரும்."

"தையல் விட்டுப்போச்சுன்னா?" டெய்லர் குறுக்கே புகுந்தார்.

"கசிவு வரலாம். ரத்தம் கட்டிக்கலாம். அபூர்வம்தான். ஆனா வரவே வராதுன்னு எழுதித் தர முடியாது."

"கேட்டியா?" டெய்லர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டேன். ரோட்லயும்தான் ஆபத்து இருக்கு. அதுக்காக பஸ்ஸை ஷெட்டுலயே பூட்டி வெச்சிருக்கோமா? பைபாஸே பண்ணுங்க டாக்டர்."

வீட்டிலும் ஒரு வாரமாக இதே பாட்டுதான். 'நீ நல்லாத்தானே இருக்கே, உனக்கென்ன குறைச்சல்!' பெண்டாட்டி இளைத்து நாலு பேர் கண்ணில் படுவது மனுஷனுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "எத்தனை வருஷமா இந்த எடை?"

"போன வருஷம் வரைக்கும் சரியாத்தான் இருந்தேன். மெஷின்ல ஏறிப் பார்த்ததில்லை. ஆனா சட்டை பொய் சொல்லுமா?"

டிப்போவிலிருந்து நேரே வந்ததால் யூனிஃபார்மை மடித்துப் பையில் வைத்திருந்தாள். அதை எடுத்து, மடிப்புக் கலையாமல் காலரைப் புரட்டி லேபிளைக் காட்டினாள்.

"வேலைக்குச் சேர்ந்தப்பவும் எல் சைஸ். போன வருஷம் இவர் தைச்சுக் கொடுத்த இதுவும் எல் சைஸ். இப்பத்தான் பட்டன் இழுக்குது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எல் சைஸ்னா எழுபது, எழுபத்தஞ்சு கிலோ. ஒரே வருஷத்துல நாற்பது கிலோ ஏறுமா? ஏதாவது சுரப்பியில கோளாறு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நாலஞ்சு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஆபரேஷன் பேச்சே எடுக்காதீங்க."

டிரைவரம்மாவின் முகம் செத்துப்போனது. நாலைந்து மாதம், அப்புறம் ஆபரேஷன், அப்புறம் ஓய்வு. ஆபீஸ் கொடுத்த கெடு எப்படித் தாங்கும்?

புருஷனைப் பார்த்தாள். நினைத்தது நடந்துவிட்டதே, சந்தோஷப்படட்டும்!

டெய்லர் எழுந்தார். கதவுவரை போனவர் அப்படியே நின்றார்.

"தள்ளிப்போடாதீங்க டாக்டர். ஒரே வருஷத்துல ஏறலை. கொஞ்சம் கொஞ்சமா பத்து வருஷமா ஏறினது. எல்லா இஞ்சும் என் அளவு நோட்டுல இருக்கு."

"அப்போ இந்த லேபிள்?"

"அது ஆபீஸ்ல முதல்ல கொடுத்த ரெடிமேட் சட்டையோடது. அடுத்த வருஷமே பஸ்ல எல்லாரும் பார்க்க இவளுக்குப் பட்டன் தெறிச்சுப்போச்சு. ரெண்டு நாள் சாப்பிடாம அழுதா. வேலையே வேணாம்னா. 'துணிதான் சுருங்கிடுச்சு, உன் அளவு அதேதான்'னு சொல்லி, பெரிசா ஒண்ணு தைச்சு, இந்த லேபிளைப் பிரிச்சு அதுல வெச்சேன். அப்புறம் வருஷா வருஷம்..."

டெய்லர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இவ அழக் கூடாதுன்னுதான் செஞ்சேன். அது இங்க கொண்டுவந்து விட்டுடுச்சு. கத்தின்னா எனக்கு இப்பவும் பயம்தான். ஆனா இவகிட்டேயிருந்து வண்டியைப் பிடுங்கிடாதீங்க டாக்டர்."

டாக்டர் மறுபடி பேனாவை எடுத்தார். "அந்த நோட்டைக் கொண்டு வாங்க. வழக்கமான டெஸ்ட் எல்லாம் சரியா இருந்தா, அடுத்த மாசமே பண்ணிடலாம்."

டிரைவரம்மா காலரை மறுபடி புரட்டிப் பார்த்தாள். சட்டை புதுசு மாதிரி இருந்தது. லேபிள் மட்டும் நைந்து, ஓரமெல்லாம் ஊசித் துளையாக இருந்தது. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டுச் சட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

"போய் நிஜமான எல் அளவுல ஒரு சட்டை வெட்டுங்க. கடைசியா ஒரு தடவை இந்த லேபிளைப் பிரிச்சு அதுல வெச்சுத் தைங்க. அந்த அளவுக்கு நான் வந்து சேர்றேன்."