ஒரே ஒரு தோட்டா

“கைக்கு அடங்கணும். ஆனா பெருசா இருக்கணும். ஒரு தடவ அடிச்சா எந்திரிக்கக் கூடாது” என்றாள் வெர்னா.

எதற்கு என்று கேட்டேன்.

“கரடிக்கு.”

அலாஸ்காவில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. மீனைப் புகையில் காயவைக்கிற வீடுகளுக்குக் கரடி வருவது, மற்ற ஊர்களில் தெருநாய் வருவது மாதிரி.

கண்ணாடிப் பெட்டிமேல் கைகளை விரிக்கச் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளையின் கை அளவுதான். இடது கையில் இரண்டு விரல்கள் ஒடிந்து, கோணலாகக் கூடியிருந்தன. நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில், ஒரு பழைய தழும்பு. உதட்டில் இருந்த வெடிப்பு நேற்றையது.



வெளியே, வண்டிக்குள் அவள் புருஷன் டாரல் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்று எடுத்துக் கொடுக்கிற கடைக்காரன் முட்டாள். பெரிய தோட்டாவை லேசான துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் மணிக்கட்டு போய்விடும். கனம்தான் உதையை வாங்கிக்கொள்ளும். மாற்ற வேண்டியது கைப்பிடியை மட்டும்தான்.

நாற்பத்துநாலு மேக்னம் ரிவால்வர் ஒன்றை எடுத்தேன். தடித்த ரப்பர்ப் பிடியைக் கழற்றிவிட்டு ஒல்லியான மரப்பிடியைப் பூட்டினேன். அவள் விரல் விசைக்கு எட்டியது.

“கண்ணை மூடிக்கோ. கரடி வருதுன்னு நெனச்சுத் தூக்கு. ம், இப்ப தொற.”

பிடி பொருந்துகிறதா என்று நாங்கள் இப்படித்தான் பார்ப்போம்.

துப்பாக்கி ஆடவே இல்லை. ஆனால் பாய்கிற கரடி நாலு காலில் வரும். அதன் தலை நம் இடுப்பைத் தாண்டாது. இவள் குழல் அதற்கு வெகு மேலே நின்றது. மறுபடியும் செய்யச் சொன்னேன். அதே இடம்.

ஆறடி மூன்றங்குல ஆளின் நெஞ்சு. எங்கள் ஊரில் அந்த உயரத்துக்கு இரண்டே பேர். ஒருவன் வண்டியில் இருந்தான். இன்னொருவன் நான்.

“கீழ எறக்கிப் பிடிக்கணும்மா” என்றேன்.

“எங்க வீட்டுக்கு வர்ற கரடி நிமிந்துதான் வரும். நீங்களும் பாத்திருக்கீங்க.”

பார்த்திருக்கிறேன். ஊரில் காவலுக்கு இருக்கிறவன் டாரலோடு சால்மன் மீன் பிடிக்கப் போகிறவன். அவள் போய்ப் புகார் சொன்ன இரண்டு தடவையும் அவனே அவளைத் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விட்டான்.

கதவு உதைபட்டுத் திறந்தது.

“துப்பாக்கி வாங்குறாளா, இல்ல அதுக்கும் இவளுக்கும் கல்யாணம் நடக்குதா?” டாரல் பெட்டிமேல் இருந்ததைப் பார்த்தான். “நாப்பத்துநாலா! இவளுக்கா!”

அவளுடைய இடது கையைப் பிடித்துத் தூக்கி எனக்குக் காட்டினான். கோணல் விரல்களை அப்படியே மடக்கினான். சொடுக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம். அவள் முகம் வெளுத்தது.

“இந்த வெரலா பிடிக்கும்? வா பின்னாடி. போன வருஷம் நெத்தியில முத்தம் வாங்கினது மறந்துபோச்சு போல. இன்னைக்கும் கோட்ட விட்டே, வீட்டுக்குப் போனதும் மிச்ச வெரலயும் பாத்துக்கிறேன்.”

இது எங்கள் ஊர் விளையாட்டு. பழக்கமில்லாதவர் கையில் பெரிய துப்பாக்கியைக் கொடுத்துச் சுடச் சொல்வது. அது எகிறி நெற்றியைப் பிளக்கும். சுற்றி நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரே ஒரு தோட்டாதான் போடுவோம். பதறிப்போய்த் துப்பாக்கியோடு திரும்பினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

என் கடையில் தோட்டா போடுவது நான் மட்டும்தான்.

கடைக்குப் பின்னால் சுடுகிற கொட்டகை. அதன் கோடியில் குறி பார்க்க ஓர் அட்டை. மூவரும் காதுக் கவசம் மாட்டிக்கொண்டோம். முதுகைக் காட்டி நின்று தோட்டா உருளையைத் திறந்தேன், போட்டேன், மூடினேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. குளிருக்கு என்று துடைத்துக்கொண்டேன்.

துப்பாக்கியை வாங்கும்போது கனம் தெரிந்திருக்க வேண்டும். வெர்னா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நான் பார்வையை விலக்கவில்லை.

சுட்டாள்.

தகரக் கூரை அதிர்ந்தது. குழல் மேலே எகிறி, அவள் நெற்றிக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. மரப்பிடி கையோடு ஒட்டியிருந்தது.

டாரலுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்த ஒன்று வெடித்ததும் எல்லோரும் கவசத்தைக் கழற்றுவது வழக்கம். அவனும் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஏதோ சொல்லிச் சிரித்தபடி அட்டையைப் பார்க்க முன்னால் நடந்தான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை.

நான் கழற்றவில்லை.

உருளையில் இன்னும் ஐந்து இருந்தன. நான் போட்டவைதானே.

அட்டையில் விழுந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். அவன் நெஞ்சு உயரத்தில் இருந்தது. திரும்பினான்.

வெர்னா கண்ணை மூடியிருந்தாள். துப்பாக்கியைத் தூக்கினாள். கண்ணைத் திறந்தாள். கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தாள்.

டாரல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரியுமே.

பிறகு என்னைப் பார்த்தான். என் காதுகளைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

அவன் குரல் எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

“அப்பா” என்றுதான் சொன்னான்.